கைரம்பம் வாங்கிய பிறகு

மனைவி ரமாவுக்கு வங்கியில் பதவி உயர்வோடு ஈரோட்டுக்கு மாற்றல் வந்து, மகள் வைஷுவையும் கூட்டிக்கொண்டு போய் இரண்டு வருடம் ஆகிறது. அதிலிருந்து மராத்தி பேசும் ஔந்தில், அந்த மூன்றாம் மாடி வீட்டில் சபரிக்கு ஞாயிற்றுக்கிழமைத் துணை தேக்குப் பலகையும் மின்சார ரம்பமும்தான்.

இரண்டு மணிக்கு ரம்பம் உறுமும். இரண்டேகாலுக்குக் கீழ்வீட்டு கானிட்கர் காக்கூ வந்து மணியடிப்பார். காக்கூ என்றால் மராத்தியில் சித்தி. எழுபது வயது அம்மாள், மதியத் தூக்கம் கெட்டால் ஆளே மாறிவிடுவார். வாசலில் நின்று இந்தியிலும் மராத்தியிலும் வாங்கு வாங்கென்று வாங்குவார். ஆத்திரம் தீர்ந்ததும் உள்ளே வந்து டீ குடித்துவிட்டு, பெண்டாட்டி பிள்ளையை விட்டு இப்படியா இருப்பது, போய்ச் சேர வேண்டாமா என்று இரண்டாவது சுற்றுத் திட்டுவார்.

ஒரு ஞாயிறு, இந்தச் சத்தத்தில் தமக்கு நெஞ்சு படபடக்கிறது என்றார். சபரிக்குச் சுருக்கென்றது. மறுநாளே ஜப்பான் கைரம்பம் ஒன்றை வரவழைத்தார். வளைத்தால் வளைகிற மெல்லிய தகடு. நம் ரம்பம் தள்ளும்போது அறுக்கும். இது இழுக்கும்போதுதான் அறுக்கும். அழுத்தினால் கோணிக்கொள்ளும். பென்சில் கோடு அழியாமல், அதை ஒட்டி, மெல்ல மெல்ல இழுக்க வேண்டும். பழகவே இரண்டு மாதம் ஆயிற்று. சத்தமோ பக்கத்து அறைக்குக்கூடக் கேட்காது.

காக்கூ வரவில்லை. எதற்கு வருவார்? திட்டு வாங்க ஏங்குகிற மனிதன் உலகத்தில் உண்டா என்று கேட்டால், ஔந்தில் ஒருவர் இருந்தார். நான்காம் மாதம் ஒரு ஞாயிறு, இரண்டேகாலுக்கு ரம்பத்தைக் கீழே வைத்துவிட்டுக் கதவையே பார்த்துக்கொண்டு நிற்பதைச் சபரி தாமே கண்டுபிடித்தார். வெட்கமாக இருந்தது. தனிமை அதைவிட அதிகமாக இருந்தது.

சும்மா போய் நிற்க முடியுமா? ஒரு சாக்கு வேண்டும். சின்னதாக ஒரு தேக்குப் பெட்டி செய்தார். ஆணி கிடையாது, மூலைகளில் பல்லோடு பல் கோத்த மூட்டு. மூன்று மூலை இடுக்கில்லாமல் அமைந்தன; நாலாவதில் நூல் நுழையும். அந்த மூலையை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு கீழே இறங்கினார். ஞாயிறு டீக்கு எப்போதும்போல வாருங்கள் என்று சொல்ல வேண்டும். இந்தியில் இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டு மணியடித்தார்.

கதவைத் திறந்த காக்கூவின் முகம் மலர்ந்துவிட்டது.

"அரே சபரி, ஊர்லேருந்து எப்ப வந்தீங்க?" என்றார் இந்தியில். "நாலு மாசமா மேலே சத்தமே இல்லை. பெண்டாட்டி பிள்ளையோட போய்ச் சேர்ந்துட்டீங்கன்னு எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? கணபதிக்குத் தேங்காய்கூட உடைச்சேன்."

இல்லை என்று சொல்லத்தான் சபரி வாயைத் திறந்தார். அந்தச் சந்தோஷத்தைக் கெடுக்க மனசு வரவில்லை.

"ஆமா காக்கூ. மிச்சச் சாமான் எடுக்க வந்தேன். எடுத்தாச்சு, இப்பவே ஊருக்குக் கிளம்பறேன்."

ரமா எப்படி இருக்கிறாள், குழந்தை அப்பாவை விடுவதே இல்லையா என்று காக்கூ விசாரித்தார். விடுவதே இல்லை என்றார் சபரி. பெட்டியைக் கொடுத்தார். காக்கூ அவர் தலையில் கைவைத்து ஆசீர்வாதம் செய்து கதவைச் சாத்தினார்.

லிஃப்டில் போனால் சத்தம் கேட்கும். சபரி செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, காக்கூவின் காதில் விழாமல் படியேறித் தம் வீட்டுக்குப் போனார்.