பத்தாவது தீர்ப்பு

1

ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இந்தக் கதை ஒரு விண்ணப்பப் படிவத்தில் பிறந்தது. உயர் நீதிமன்ற நீதிபதியாக என்ன தகுதி வேண்டும் என்று சட்டப் புத்தகத்தைப் புரட்டினேன். நாட்டின் குடியாக இருக்க வேண்டும். இத்தனை வருடம் வழக்காடியிருக்க வேண்டும். அவ்வளவுதான், ஒன்றரை வரி! நூலக அட்டை வாங்கவே இதைவிட அதிகம் கேட்கிறார்கள்.

2

‘நீதிமன்றத்தின் உயர்ந்த தூண்களுக்கிடையே காலைச் சூரியன்…’

(அடித்துவிட்டேன். தூணைக் கண்டால் என் கை சும்மா இருக்காது.)

வக்கீலம்மா தம் அறையில் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். இருபத்திரண்டு வருடத் தொழில். ‘நீங்கள் ஆஜரான வழக்குகளில் பத்துத் தீர்ப்புகளை இணைக்கவும்’ என்றது நீதிபதிப் பதவிக்கான படிவம். மாலை ஐந்து மணிக்குள் போய்ச் சேர வேண்டும். ஒன்பதுதான் தேறியது.

“எப்படிம்மா தேறும்?” என்றார் குமாஸ்தா. “வர்ற சண்டையை எல்லாம் வராந்தாவுலயே பேசி முடிச்சு அனுப்பிடுறீங்க. போன வாரம் அந்தச் சுவர்த் தகராறு, அதையாவது கொஞ்சம் வளர விட்டிருக்கலாம்!”

3

குமாஸ்தா பழைய கட்டுகளிலிருந்து இரண்டு தீர்ப்புகளை உருவினார்.

ஒன்று, ஊரே பேசிய ஆலைக் கழிவு வழக்கு. அமோக வெற்றி. வக்கீலம்மாவின் பெயரும் அச்சில் இருக்கிறது. ஆனால் வாதாடியது சீனியர்; இவர் பக்கத்தில் நின்று பக்கம் புரட்டிக் கொடுத்தார்.

மற்றொன்று, இவரே வாதாடிய குத்தகை வழக்கு. இவருடைய கட்சிக்காரருக்குப் பாதகமாக ஒரு பழைய தீர்ப்பு இருந்தது. எதிர்த்தரப்பு அதைக் கவனிக்கவே இல்லை. இவர் எழுந்து தாமே அதை நீதிபதியிடம் நீட்டினார். வழக்கு குப்புற விழுந்தது. கட்சிக்காரர் அன்றே வேறு வக்கீலைத் தேடிப் போனார். ‘சொந்தக் காசில் சூனியம்’ என்று இவருக்குப் பட்டப்பெயரே விழுந்தது.

[பக்கக் குறிப்பு: இவ்வளவு நல்லவரை நீங்கள் நம்ப மாட்டீர்கள். எனவே ஒரு குறையும் சொல்கிறேன். தோற்ற அன்று அரை மணி நேரம் அழுதார். அந்த நீதிபதியை வாய்க்கு வந்தபடி திட்டவும் செய்தார்.]

“ஜெயிச்சதையே வைங்கம்மா. பேரு இருக்கு. பொய் இல்லையே.”

“பொய் இல்லைதான்…”

வக்கீலம்மாவுக்கு அந்த நாற்காலி வேண்டும். மனதார வேண்டும். வராந்தாவில் முடியாத சண்டைகளுக்குத் தம் கையால் ஒரு முடிவு எழுத வேண்டும் என்று எத்தனையோ வருட ஆசை.

4

முடிவு அ: வெற்றியை இணைக்கிறார். பதவி கிடைக்கிறது. சுபம்.

முடிவு ஆ: தோல்வியை இணைக்கிறார். தேர்வுக் குழுவே கண்கலங்கி எழுந்து நின்று…

(சேச்சே! அடித்துவிட்டேன்.)

முதல் முடிவையே வைத்துக்கொள்ளலாம் என்று நான் தீர்மானித்தபோது காகிதத்தை யாரோ வெடுக்கென்று பிடுங்கினார்கள். பிடுங்கியது வக்கீலம்மாவேதான். அவருடைய எதிர் நாற்காலியில் உட்கார்ந்துதான் இதை எழுதிக்கொண்டிருந்தேன்.

“ஏண்ணா, நீ என் அண்ணன்னு இதுல எங்கயாவது எழுதியிருக்கியா?”

“அது… கதைக்கு எதுக்கு?”

“எதுக்கா? தங்கச்சி வழக்கை அண்ணன்காரன் விசாரிக்கலாமா? ‘நான் இதைத் தொடமாட்டேன்’னு எழுந்து போயிடணும். முதல் தகுதியே அதுதான்!”

குமாஸ்தா விழுந்து விழுந்து சிரித்தார். எனக்கு முகத்தில் ஈயாடவில்லை.

5

வாஸ்தவம். விலகிக்கொள்கிறேன்.

மணி நாலரை. அவள் (இனி ‘அவர்’ என்று எழுத எனக்குக் கை வரவில்லை) தோற்ற வழக்கை எடுத்து உறைக்குள் வைத்து ஒட்டினாள். “அடிப்பாவி!” என்று வாய்விட்டே கத்தினேன். கிடைக்காமல் போய்விடுமே என்று பயமாக இருந்தது. பெருமையாகவும் இருந்தது, அதைச் சொல்லக் கூடாது என்று இருந்தேன், சொல்லிவிட்டேன். குமாஸ்தா முணுமுணுத்துக்கொண்டே உறையோடு படியிறங்கினார்.

அந்த உறையைப் பிரிப்பவர்கள் பத்தாவது தீர்ப்பைப் படித்துவிட்டுச் சிரித்து ஒதுக்குவார்களா, நாற்காலியைக் காட்டுவார்களா? நான் எழுதினால் அவளை இப்போதே நீதிபதியாக்கிவிடுவேன். என் பேச்சு செல்லாது.

உங்களுக்கு அவள் தங்கை இல்லை. உறையை நீங்கள் பிரியுங்கள்.