பந்தயச் சேறு

முப்பத்தைந்து வருஷமாக இரத்தினபுரியில் கல் விற்கிற ஜமால்தீன், கழுவாத சாமானை வாங்குகிறவன் முன்னால் வைத்ததே கிடையாது. குழியிலிருந்து வரும் கல்லைப் பார்த்தால் எவனும் முகத்தைத் திருப்பிக்கொள்வான். அதையே அலசி, பட்டை தீட்டி, மெருகேற்றி வெள்ளைத் துணியில் வைத்தால் அவன் வாயில் தானாக விலை வரும். அந்தப் புத்தியோடுதான் யட்டியாந்தோட்டைப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் தரகுக்கு விற்றுத்தர ஒப்புக்கொண்ட சாள்ஸின் காரையும் கழுவச் சொன்னார்.

கார் சாள்ஸுடையதுதான். நாற்பது வருஷம் தோட்டத்தில் ஃபிட்டராக இருந்தவன். தோட்டம் கைமாறியபோது, கொட்டகையில் கிடந்த அந்தக் குப்பையை நீயே எடுத்துக்கொள் என்று பழைய கம்பனி கடிதம் கொடுத்துவிட்டது. யுத்தத்துக்கு முந்தி, நம்ம யுத்தம் இல்லை, ஹிட்லர் யுத்தம், பிரான்சில் ஒரு பகலும் ஒரு ராத்திரியும் விடாமல் ஓட்டுகிற பந்தயத்தில் இந்தத் தோட்டத்துத் துரை ஒருவர் ஓட்டிய கார். பதினோராவதாக வந்தாராம். பதினோராவதாக வந்ததற்கே அவ்வளவு பெருமை. சேற்றோடு கப்பலில் ஏற்றி வந்து, யாரும் கழுவக்கூடாது என்று உத்தரவும் போட்டுவிட்டுப் போய்ச் சேர்ந்தார்.

சாள்ஸின் பெண்சாதி மரியம்மாவுக்கு இந்தக் கதையெல்லாம் வேண்டாம். பஸார் ஓரமாக வீடு கட்டப் பத்து பேர்ச் காணி ஒன்று இருந்தது. மாசக் கடைசிவரை வேறு ஆளுக்குக் கொடுக்கமாட்டேன் என்று காணிக்காரர் சொல்லியிருந்தார். "லயத்துல பொறந்தேன், லயத்துல சாகமாட்டேன்" என்பது தோட்டத்து வரிசை வீட்டிலேயே காலம் கழித்த அவள் பேச்சு. கார் போனால் காணி வரும்.

முதல்நாள் கொட்டகைக்குள் போன ஜமால்தீன் லேஞ்சியால் மூக்கைப் பொத்திக்கொண்டார். சீட்டில் எலி குடும்பம் நடத்தியிருந்தது. முன்பக்கக் கம்பி வலையில் தொண்ணூறு வருஷத்துப் பூச்சிகள்.

"என்ன சாள்ஸ், கக்கூஸ விட மோசமா ஈக்கி!"

"எனக்கு முந்தி இருந்த ஃபிட்டரும் கழுவல நானா, நானும் கழுவல" என்றான் சாள்ஸ். ஜமால்தீன் அவர்களுக்கு நானா, அண்ணன் முறை.

"அதான் ஒருத்தனும் வாங்கல."

மண்ணெண்ணெய், சவுக்காரம், மெழுகு. மூன்று நாள் தேய்த்தார்கள். கதவிலிருந்த வெள்ளை நம்பரும் தண்ணீரோடு போனது. நாலாம் நாள் கொழும்பிலிருந்து ஸ்ரீதரன் வந்தார். பழைய கார்களை வாங்கி வெளிநாட்டுக்கு விற்கிறவர். கொட்டகை வாசலிலேயே நின்றுவிட்டார்.

"யார் இதைக் கழுவினது?"

"நான்தான் சேர் சொன்னேன். கிட்ட வந்து பாருங்க, உங்க மொகமே தெரியும்."

"என் மூஞ்சியப் பார்க்க வீட்டிலயே கண்ணாடி இருக்கு. நான் வாங்க வந்தது அந்தச் சேறு, ஐயா! பந்தயத்துச் சேறு! சும்மா கார் எத்தனை வேணும்?"

மரியம்மா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்தாள்.

ஸ்ரீதரன் தான் வந்த காருக்குத் திரும்பினார். கதவைத் திறந்தவர், மூடினார். பிறகு குரலைத் தணித்தார். "ஒரு வழி இருக்கு. பந்தயத்தில எடுத்த படம் என்கிட்ட இருக்கு. எங்கெங்க சேறு, என்ன நம்பர், எல்லாம் தெரியுது. சேறு இங்கயும் கிடைக்கும்தானே? லண்டன்காரன் நக்கியா பார்க்கப்போறான்?"

"பொய்ச் சேறா?" என்றார் ஜமால்தீன்.

"சேறுல என்ன பொய்? ஆனா, இது கழுவப்படவே இல்லைன்னு நீங்க ஒரு கடிதம் தரணும். இரத்தினபுரியில உங்க பேருக்கு மதிப்பு இருக்குன்னு விசாரிச்சேன்."

ஜமால்தீன் சின்னக் கல்லைப் பெரிய கல்லாகப் புகழ்ந்திருக்கிறார், அதெல்லாம் வியாபாரம். கண்ணாடித் துண்டை நீலம் என்று ஒருநாளும் கொடுத்ததில்லை. சாள்ஸைப் பார்த்தார். அவன் தரையைப் பார்த்தான். மரியம்மா அதற்குள் எழுந்து வாளி கொண்டுவந்துவிட்டாள்.

"நானா, கழுவச் சொன்னது நீங்கதானே?" என்றாள், குரலை உயர்த்தாமல்.

லயத்துக் கானில், சாக்கடை ஓடுகிற வாய்க்காலில்தான், சேறு கிடைத்தது. கோழி இறகு, சோற்றுத் தண்ணீர், பேர் சொல்லக் கூடாததெல்லாம் அதில். சாள்ஸ் படத்தைப் பார்த்துக் கதவில் வெள்ளை நம்பரை எழுதி முடித்ததும், ஜமால்தீன் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு அள்ளி எறிந்தார். ஸ்ரீதரன் பேப்பர் விரித்து அதன்மேல் நின்று படத்தைப் பார்த்தபடி கட்டளையிட்டார்.

"பின்னுக்கு வீசுங்க ஐயா! கார் முன்னுக்குத்தானே ஓடும்! கொஞ்சம் சாம்பல் கலக்குங்க, பிரான்ஸ் மண் இவ்வளவு சிவப்பில்லை."

"பூச்சிக்கு என்ன செய்ய, சேர்?" என்றான் சாள்ஸ். எவ்வளவு யோக்கியமான கேள்வி!

"பூச்சியும் வேணும்."

மரியம்மா கூரை மூலைகளைக் கூட்டி, செத்த விட்டில்களைச் சிரட்டையில் கொண்டுவந்தாள். சாள்ஸ் ஒவ்வொன்றாக ரப்பர் பாலில் தொட்டுக் கம்பி வலையில் ஒட்டினான். நாற்பது வருஷம் மெஷின் திருத்திய கை. ஒரு இறக்கைகூட உடையவில்லை.

பிறகு கடிதம் வந்தது. ஆங்கிலத்தில், ஏற்கெனவே அடித்திருந்தது.

"கையைத் துடைச்சிட்டு சைன் பண்ணுங்க. கடதாசியில அழுக்குப் படக்கூடாது" என்றார் ஸ்ரீதரன்.

ஜமால்தீன் வெள்ளைச் சாரத்தில் இரண்டு கையையும் அழுத்தித் துடைத்தார். கையெழுத்துப் போட்டார். மரியம்மா சிரித்த முகமாகப் பிளேன்டீ கொண்டுவந்து நீட்டினாள். அந்தக் கையை வாய்க்கருகே கொண்டுபோக அவரால் முடியவில்லை.