சாரங்கபாணியின் செவ்வாய்க்கிழமை

ஸ்ரீரங்கம் வாழ் பெருமக்களுக்கும் இனி பிறக்கவிருக்கும் சந்ததியாருக்கும் பணிவன்புடன் அறிவிக்கப்படுவது யாதெனில்: சாரங்கபாணி அழுதால் எங்கள் தெருக் குழாய்களில் தண்ணீர் வரும்.

ஓய்வுபெற்ற பௌதிக ஆசிரியரான அவருக்கு இரண்டு வருஷத்துக்கு முன் பக்கவாதம் வந்தது. கைகால் தேறிவிட்டன. அழுகையும் சிரிப்பும் மட்டும் அவரைக் கேட்காமலே வர ஆரம்பித்தன. மனசில் துக்கமோ சந்தோஷமோ கிடையாது, மூளை நரம்பு செய்யும் வேலை என்றார் டாக்டர். தெரு நம்பவில்லை. துக்கம் விசாரிக்கப் போன வீட்டில் கால் மணி நேரம் சிரித்தார். செத்தவரின் உயிலில் ஏதோ இருக்கிறது என்று பங்காளிகள் வக்கீலிடம் ஓடினார்கள். இந்த வருஷம் மே மாதம், தண்ணீர் விடாத கிழமையில், இட்லிக்கு நடுவே அவர் அழ, பதினெட்டு வீட்டுக் குழாயும் கொட்டியது. சிரித்தபோது வெறும் காற்று வந்தது. சால்வை இல்லாமல் வாசலுக்கு வராத நலச் சங்கத் தலைவர் வெங்கட்ராகவன் விசாரணைக் குழு அமைத்தார். குழு முதலில் தண்ணீர் திறந்துவிடும் காத்தானைச் சந்தேகித்தது, பிறகு சாரங்கபாணி வீட்டு வெங்காயத்தை, கடைசியில் குடத்தோடு வரிசையில் நின்றது.

ஆனியில் மகள் ஹம்ஸாவுக்கு நிச்சயதார்த்தம். லக்னப் பத்திரிகை வாசிக்கும்போது சிரித்துத் தொலைத்தால் சம்பந்திகள் எழுந்து போய்விடுவார்களே என்று பயந்து, சாரங்கபாணி மாத்திரைக்குச் சம்மதித்தார். அழுகை குறைந்தது. குழாய் காய்ந்தது. தலைவர் நேரில் வந்து ஹம்ஸாவைப் பிடித்தார்.

"மாத்திரையை ஆடிப்பெருக்கு வரைக்கும் தள்ளிப் போடச் சொல்லேன்மா. பொதுநலம்."

"எங்கப்பா என்ன கார்ப்பரேஷன் குழாயா மாமா?"

மாத்திரை நிற்கவில்லை. ஆனாலும் நிச்சயதார்த்தத்தன்று, பத்திரிகையில் கோத்திரம் வாசிக்கும் இடத்தில், ஒரு சிரிப்பு தப்பித்து வந்துவிட்டது.

"எங்க கோத்திரத்துல என்ன சிரிப்பைக் கண்டார்?" என்று எழுந்தார் மாப்பிள்ளையின் அம்மா ப்ரியம்வதா.

"நரம்புதான் சிரிக்கறது மாமி. அப்பா சிரிக்கலை."

ப்ரியம்வதா நம்பவில்லை. அவர் செருப்பைத் தேடும்போது சாரங்கபாணியின் சிரிப்பு அழுகையாகத் திரும்பியது, சமையல்கட்டில் மூன்று குழாயும் தாமாகத் திறந்துகொண்டன. ப்ரியம்வதா குடியிருப்பது வாரம் நாலு லாரித் தண்ணீர் வாங்கும் அபார்ட்மென்ட். போய்ப் பார்த்தார், கையை நனைத்தார், திரும்பி வந்து உட்கார்ந்தார்.

"வாசிங்கோ. சம்பந்தி எங்காத்துக்கும் அடிக்கடி வரணும்."

ஆவணியில் கல்யாணம் நடந்தது. மாத்திரை தொடர்கிறது, இப்போது வாரம் ஒரு அழுகைதான், பெரும்பாலும் செவ்வாய். சங்கத்துப் பலகையில் நேரம் எழுதிப் போட்டிருக்கிறார்கள்.

தண்ணீர் கொஞ்சம் உப்பு. பருப்பு வேகாது.