காற்றாடியிடம் சொன்னது

இரண்டு பேரையும் எதிரெதிரே உட்கார வைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது என்று தர்மினிக்கு ஆலோசகர் படிப்பில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். சொல்லிக்கொடுத்தவர் கணேசமூர்த்தியையும் கமலவேணியையும் பார்த்ததில்லை, பாவம்.

டுரியான் துங்காலிலிருந்து அவர்களைக் காரில் ஏற்றிவந்து மலாக்கா குடும்ப ஆலோசனை நிலையத்தில் இறக்கிவிட்டுப் போனவள் மகள் அனுசியா. சங்கதி இதுதான். அவளுடைய நிச்சயதார்த்தத்தில் சம்பந்தியம்மாள் வைத்த அசாம் பெடாஸ் என்ற புளிப்பு மீன் குழம்பை உறிஞ்சிவிட்டு, "மீன் குழம்புன்னா இதான்லா! இத்தன வருசமா எதத்தான் தின்னேனோ!" என்றார் கணேசமூர்த்தி, ஊரே கேட்க. அன்றோடு வீட்டில் பேச்சும் நின்றது, அடுப்பும் அணைந்தது. வருகிற சனிக்கிழமை பஸ் ஏறி, ஜொகூரில் தங்கை வீட்டுக்கு ஒரேயடியாகப் போவதென்று கமலவேணி பெட்டி கட்டிவிட்டார். கல்யாணம் வைத்திருக்கிற வீட்டில் அம்மா இல்லையென்றால் அந்தப் பெண் என்ன செய்வாள்?

"ஆன்ட்டி, அங்கிள் பேரச் சொல்லிக் கூப்பிட்டு, கண்ணப் பாத்து, 'எனக்கு வருத்தமா இருக்கு'ன்னு சொல்லுங்க."

"பேரா?" கமலவேணி பதறிப்போனார். "கோயில் அர்ச்சனைக்கே மகதான்மா சொல்லுவா!"

கணேசமூர்த்தி செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூலையில் நின்ற மின்சாரக் காற்றாடி மட்டும் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தலையைத் திருப்பிக்கொண்டிருந்தது. அது தன் பக்கம் திரும்பியபோது கமலவேணி அதனிடம் சொன்னார்: "நாக்கு செத்தவங்களுக்கு இத்தன வருசம் வடிச்சிக் கொட்டினேன் பாரு, என்னச் சொல்லணும்."

"ஆன்ட்டி, காத்தாடிகிட்ட இல்ல..." என்று ஆரம்பித்த தர்மினி சட்டென்று வாயை மூடிக்கொண்டாள். அவளுடைய அம்மா யோகம், அப்பாவோடு கோபமென்றால் பூனையிடம்தான் குறை சொல்வார். அப்பாவும் பூனைக்கே பதில் சொல்வார். அந்தப் பூனை மட்டும் இல்லாவிட்டால் அவர்கள் எப்போதோ கோர்ட்டுப் படி ஏறியிருப்பார்கள். வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்திருக்கிறோமே என்று தர்மினிக்குத் தன்மேலேயே ஆத்திரம் வந்தது. எழுந்துபோய்க் காற்றாடியை இழுத்து இருவருக்கும் நடுவில் வைத்தாள். நாற்காலியைப் பின்னால் தள்ளிப் போட்டுக்கொண்டாள்.

காற்றாடி கணேசமூர்த்தியிடம் திரும்பியது.

"பொண்ணு வாழப்போற வீடு. கொழம்பு நல்லால்லன்னா சொல்ல முடியும்?"

"நல்லாருக்குன்னு சொல்லிட்டு வாய மூடியிருக்கலாம்ல? மிச்சத்த யாரு கேட்டா?"

காற்றாடி மறுபடி தன் பக்கம் வந்ததும் கணேசமூர்த்தி, "தப்புதான்" என்றார். "கடச் சாப்பாடு தொண்டையில எறங்க மாட்டேங்குது. சரி, போறவங்க போகட்டும். அந்தக் கருவேப்பிலச் செடிக்கு எப்போ தண்ணி ஊத்தணும்னு மட்டும் சொல்லிட்டுப் போகச் சொல்லு."

குரல் உடைந்துவிட்டது. காற்றாடி திரும்பும்வரை கமலவேணி காத்திருக்கவில்லை.

"இவங்க ஊத்துனா வேர் அழுகிப் போயிரும். பஸ்ஸும் வேணாம், ஒண்ணும் வேணாம். சனிக்கிழம செர்காம் மீன் சந்தைக்குப் போயி நல்ல திருக்கையா வாங்கியாரச் சொல்லு. அசாம் பெடாஸ்னா என்னான்னு நான் காட்டுறேன்."

தர்மினிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. வாசல்வரை போன கணேசமூர்த்தி திரும்பி வந்து, மனைவிக்குக் கேட்காமல் அவளிடம் கேட்டார்:

"அடுத்த வாரமும் வரணுமாம்மா? இல்ல, இந்த மாதிரி ஒண்ணு வாங்கி வீட்டுல வச்சாப் போதுமா?"