யாசரின் தளபதி

ஓசூரில் எட்டு நாள் ட்ரெய்னிங் முடிந்து யாசர் புதுவாயல் வீட்டுக்கு வந்து சேர்ந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. கும்மிடிப்பூண்டியில் பம்ப் பாகங்கள் செய்யும் கம்பெனியில் அவனுக்கு வேலை. குளித்து, நாஷ்டா முடித்ததும் நேராகக் கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்தான். மனைவி ஆரிபா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

2009ஆம் வருடம் ரம்ஜான் முடிந்த கையோடு வாங்கிய பழைய கம்ப்யூட்டர் அது. கூட வேலை செய்யும் ஜோசப் ஒரு சி.டி. கொடுத்திருந்தான். வாளும் குதிரையும் கோட்டையுமாக ராஜாக்கள் காலத்து விளையாட்டு. நாம் ஒரு ஆளை உருவாக்க வேண்டும். முகத்தையும் பெயரையும் நாமே வைக்கலாம். ஊர் ஊராகப் போய் ஆள் சேர்த்து, சண்டை போட்டுப் பழக்கி, அவனைப் படைத்தளபதி ஆக்க வேண்டும். யாசர் தன் பெயரையே அவனுக்கு வைத்திருந்தான். செம்பட்டைத் தாடி, கோணல் மூக்கு, இடது கன்னத்தில் ஒரு தழும்பு. இரண்டு மாதம், தினமும் வேலைவிட்டு வந்ததும் இதே வேலை. பத்தொன்பதாம் லெவல் வந்திருந்தான். நாற்பத்தாறு குதிரைவீரர்கள் கூட இருந்தார்கள். கோட்டை மட்டும் ஒன்றுகூடச் சிக்கவில்லை.

விளையாட்டு திறந்தது. யாசரின் கை மவுஸ் மேல் அப்படியே நின்றது.

தளபதி வெட்டவெளியில் இல்லை, ஒரு கல்கோட்டைக்குள் இருந்தான். கோட்டை உச்சியில் அவன் கொடி பறந்தது. படையைத் திறந்து பார்த்தான். நூற்றுப் பதினெட்டுப் பேர். வில்லாளிகள் ஐம்பது, ஈட்டிக்காரர்கள் அறுபது. குதிரைவீரர்கள் எட்டே எட்டுப் பேர். லெவல் இருபத்து நான்கு.

உடனே ஜோசப்புக்குப் போன் போட்டான்.

"மச்சி, நான் இல்லாதப்போ எங்க ஊட்டுக்கு வந்தியா?"

"உன் ஊட்டுக்கு நான் எதுக்கு வர்றேன்? நீதான் ஓசூர் போயிருந்தியே. இன்னா ஆச்சு?"

"கோட்டைய புடிச்சிருக்கான் மச்சி. நூத்திப் பதினெட்டு பேரு."

"யாரு?"

யாசர் போனை வைத்தான். தளபதியின் விவரப் பக்கத்தைத் திறந்தான். முகம் அதே முகம். செம்பட்டைத் தாடி, கோணல் மூக்கு, தழும்பு. ஆனால் தந்தை யார் என்ற இடத்தில் யாசர் பிரபு என்று தேர்ந்தெடுத்திருந்தான். இங்கே வியாபாரி என்று இருந்தது. ஆரம்பத்தில் ஒருமுறை எழுதினால் பிறகு மாற்ற முடியாத விவரம் அது. பலத்துக்கும் குதிரையேற்றத்துக்கும்தான் அவன் எல்லாப் புள்ளிகளையும் கொட்டியிருந்தான். இவனுக்கோ பாதிக்கு மேல் தலைமைக்கும் பயிற்சிக்கும் போயிருந்தன.

பின்னால் வளையல் சத்தம் கேட்டது. ஆரிபா வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அது உங்க ஆளு இல்லீங்க" என்றாள். "உங்க ஆளு போயிட்டாரு. நான்தான் அழிச்சிட்டேன்."

யாசர் நாற்காலியோடு திரும்பினான்.

"நீங்க போன அன்னிக்கே தொறந்தேன். ரெண்டு மாசமா அதுல இன்னாதான் பாக்கிறீங்கன்னு தெரிஞ்சிக்கலாம்னு. புதுசுன்னு ஒண்ண அமுக்கினேன். பழசு மேலயே எழுதட்டுமான்னு கேட்டுச்சு. பதட்டத்துல ஆமான்னு அமுக்கிட்டேன். உங்க பேரு இருந்த இடத்துல ஒண்ணும் இல்ல. அன்னிக்கு முழுக்க சோறு எறங்கல. நீங்க வர்றதுக்குள்ள அதே மாதிரி ஒருத்தர செஞ்சி வெச்சிரலாம்னு ஆரம்பிச்சேன்."

"நீயா செஞ்ச இத?"

"ம்."

"எட்டு நாள்லயா?"

"காலைல நீங்க இருந்தாதான சமையலு. ஒரு சட்டி வெச்சா எனக்கு ரெண்டு வேளைக்கு வரும்."

யாசர் திரையைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். பழவேற்காட்டில் இறால் வியாபாரம் செய்யும் குடும்பத்துப் பெண். பொன்னேரியில் பி.காம் இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தபோது கல்யாணம் ஆனது. இரண்டு வருடமாக ஒரே வீட்டில் இருக்கிறார்கள். கம்ப்யூட்டரை அவள் தொட்டு அவன் பார்த்ததே இல்லை.

"அந்த மூஞ்சி எப்டி ஞாபகம் வெச்சிருந்த?"

"டீ கொண்டாந்து உங்க பின்னாடிதான நிப்பேன். இந்த ரெண்டு மாசத்துல என் மூஞ்சிய விட அவன் மூஞ்சியதான் நீங்க நெறைய பாத்தீங்க. எனக்கும் மனசுல நின்னுபோச்சு."

அதில் கோபம் இல்லை. உள்ளதைச் சொன்னாள், அவ்வளவுதான்.

"கோட்டைய எப்டி புடிச்ச?" என்று கேட்டான்.

ஆரிபா இரண்டு எட்டு உள்ளே வந்தாள். "அதுல எழுத்துல வர்றத படிச்சேன். நீங்க படிக்காம அமுக்கிக்கினே போவீங்க. ஆளுங்களுக்கு சாப்பாடு வேணும்னு போட்டிருக்கு. ஒரே ரொட்டிய தின்னா சலிச்சிப்பாங்களாம். மீனு, பழம், கறின்னு மாத்தி வாங்கிக் குடுத்தேன். ஒருத்தரும் ஓடிப்போகல."

யாசரின் படையிலிருந்து வாரத்துக்கு நாலைந்து பேர் காணாமல் போவார்கள். விளையாட்டில் ஏதோ கோளாறு என்றே நினைத்திருந்தான். பட்டினியில் ஓடினார்கள் என்பது அவனுக்கு இந்த நிமிடம்தான் தெரிந்தது.

"சண்டைக்கு முன்னாடி போகவே மாட்டேன்" என்று அவள் தொடர்ந்தாள். "மேடு பாத்து வில்லுக்காரங்கள நிக்க வெப்பேன். அவங்களுக்கு முன்னாடி ஈட்டிக்காரங்க. வர்றவன் வரட்டும்னு நிப்போம். கோட்டைச் சண்டைக்கு மட்டும் ஒரு முழு நாளாச்சு."

யாசர் எழுந்து அவளை உட்காரச் சொல்லவில்லை. அவனால் நம்ப முடியவில்லை, தானே ஆடிப் பார்க்க வேண்டும் போலிருந்தது. கோட்டையை விட்டுப் படையோடு வெளியே வந்தான். ஆற்றோரம் எதிரிப்படை ஒன்று போய்க்கொண்டிருந்தது. தொண்ணூறு பேர்தான். ஆரிபா, "அந்தப் பக்கம் பள்ளம்..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாள். அவன் வழக்கம்போல் குதிரையைத் தட்டி முன்னால் பாய்ந்தான். நூற்றுப் பதினெட்டுப் பேரும் அவன் பின்னால் பள்ளத்தில் இறங்கினார்கள். மேலிருந்து அம்பு மழை. தளபதி மூன்றாவது நிமிடம் குதிரையிலிருந்து விழுந்தான்.

எப்படியோ ஜெயித்தார்கள். ஆனால் கணக்கு வந்தபோது ஐம்பத்து மூன்று பேர் இல்லை.

யாசர் மெதுவாகத் திரும்பிப் பார்த்தான். ஆரிபாவின் கண்கள் நிறைந்திருந்தன.

"அந்த ஈட்டிக்காரங்கள்ல பன்னெண்டு பேரு மொத நாள்லேர்ந்து என்கூட இருந்தவங்க" என்றாள். "உழுதுக்கினு இருந்தவங்கள கூட்டியாந்தேன்."

"பேஜாராவாத. லோடு பண்ணா சண்டைக்கு முன்னாடி இருந்த மாதிரியே வந்துரும்." அவன் பழைய ஆட்டங்களைச் சேமித்து வைக்கும் சேவ் பக்கத்தைத் திறக்கப் போனான்.

"ஐயோ, அங்க போகாதீங்க." ஆரிபா பாய்ந்து அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "அந்த எடத்துலதான் உங்க ஆள அழிச்சேன். அதுக்கப்புறம் நான் அந்தப் பக்கமே போகல."

"அப்போ சேவ் எப்டி பண்ண?"

"மூடும்போது அதுவே பண்ணிக்குது. தொறந்தா விட்ட எடத்துலேர்ந்து வருது."

"சண்டைல தோத்தா?"

"தோத்தா தோத்ததுதான. போனவங்க போனவங்கதான. வேற இன்னா பண்றது?"

இரண்டு மாதத்தில் எத்தனை நூறு தடவை யாசர் லோடு செய்திருப்பான். ஒவ்வொரு சண்டையையும் ஏழு தடவை, எட்டு தடவை ஆடி, ஜெயித்ததை மட்டும் வைத்துக்கொண்டுதான் பத்தொன்பதாம் லெவலுக்கு வந்தான். இவள் ஒவ்வொரு சண்டையையும் ஒரே ஒரு தடவை ஆடியிருக்கிறாள். அந்தக் கோட்டையையும் அப்படித்தான். ஒரு தப்பு செய்திருந்தால் எல்லாம் போயிருக்கும். அது தெரிந்தேதான் எட்டு நாளும் உட்கார்ந்திருக்கிறாள்.

அவன் மவுஸிலிருந்து கையை எடுத்தான். எழுந்து நின்றான்.

"லோடு பண்ணட்டுமா, வேணாமா? நீயே சொல்லு" என்றான்.

ஆரிபா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

"வேணாங்க. அப்டி எல்லாரையும் திருப்பி எடுத்துக்கலாம்னா, நான் அவ்ளோ பயந்துக்கினு பாத்துப் பாத்து நடத்துனதுக்கு ஒண்ணும் இல்லாம போயிரும்."

நாற்காலியில் உட்கார்ந்தாள். மீந்த அறுபத்தைந்து பேரையும் வரிசையாகப் பார்த்தாள். காயம்பட்டவர்களைக் கோட்டைக்குள் விட்டாள். பிறகு வரைபடத்தில் வடக்கே இருந்த ஒரு சின்னக் கிராமத்தின் மேல் அழுத்தினாள். தளபதி கிளம்பினான்.

"எங்க போற?" என்று யாசர் கேட்டான்.

"ஆள் சேக்க. அந்த ஊரு ஆளுங்க என்ன நம்புவாங்க. ஒரு தடவ திருடனுங்ககிட்டேர்ந்து காப்பாத்தியிருக்கேன்."

யாசர் கூடத்திலிருந்து பிளாஸ்டிக் ஸ்டூலை இழுத்து வந்து அவள் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தான். திரையில் ஏதோ எழுத்து வந்தது. பழக்கத்தில் அவன் விரல் அடுத்ததுக்குப் போக நீண்டது.

"இருங்க, படிச்சிக்கிறேன்" என்றாள் ஆரிபா.