மீன் கடையில் விட்டுப்போன புருஷன்

தவளக்குப்பம் சந்தையில் மீன் வாங்கிக்கொண்டு திரும்பிய எழிலரசன், ஸ்கூட்டரையும் காணாமல் மனைவியையும் காணாமல் நின்றான். விடாமல் போன் செய்தான். அரை மணி நேரம் கழித்துத்தான் கார்குழலி எடுத்தாள்.

“எதுக்கு இத்தினி போனு? இப்பதான் வீட்டுக்கு வந்தேன். நீங்க எங்க இருக்கீங்க?”

“நீ எறக்கிவுட்ட எடத்துலதான்.”

அவன் பஸ் பிடித்து லாஸ்பேட்டை வந்து சேர்ந்ததும் அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு அடுப்படியில் போய் அழுதாள்.

அவளுக்கு பைபோலார். முன்பெல்லாம் சில வாரங்கள் தூங்காமல் பறப்பாள்; பிறகு மாதக்கணக்கில் படுத்துக் கிடப்பாள். மாத்திரையால் இரண்டு வருடமாக மனசு நிதானமாக இருந்தது. ஞாபகம்தான் நழுவியது. மேட்டுப்பாளையம் சோப்பு கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்தவளை லேபிள் ஒட்ட அனுப்பிவிட்டார்கள்.

“மாத்திரைதான் மூளையத் தின்னுது. நிறுத்திடறேன்.”

“நிறுத்திட்டு அடுத்த தடவ என்னைக் காசியில வுட்டுட்டு வருவியா? டாக்டரம்மாவக் கேப்போம்.”

டாக்டர் நிர்மலாதேவி பொறுமையாகக் கேட்டார். “நீங்களா நிறுத்தாதீங்க. இந்த நோயே ஞாபகத்தைக் கொஞ்சம் பாதிக்கும். வேற காரணமும் இருக்கான்னு பாப்போம்.”

ரத்தப் பரிசோதனையில் தைராய்டு குறைவு என்று தெரிந்தது. அதற்கு மருந்து கொடுத்து, அவளுடைய மாத்திரைகளில் தூக்கக் கலக்கம் தரும் ஒன்றின் அளவைப் படிப்படியாகக் குறைத்தார். உளவியலாளர் பூவிழியிடம் வாரம் ஒருநாள் பயிற்சிக்கும் அனுப்பினார்.

“ஒரு நேரத்துல ஒரு வேலை. வாங்க வேண்டிய சாமானை எல்லாம் நல்லாத் தெரிஞ்ச எடத்துல மனசாலயே மாட்டி வெச்சி, படமா நெனைச்சிப் பாருங்க,” என்றாள் பூவிழி.

கார்குழலிக்கு நன்றாகத் தெரிந்த இடம் புருஷன்தான்.

“அசையாதீங்க. தலையில முட்டைகோசு, காதுல கொத்தமல்லி...”

“மூக்குல?”

“பெரிய மூக்குதான? பூசணிக்காய்.”

பன்னிரண்டு வாரம் அவன் காய்கறிக் கடையாகவே வாழ்ந்தான். மறதி முழுசாகப் போகவில்லை, ஆனால் குறைந்தது. தைரியம் வந்து, மேனேஜரிடம் போய் நின்றாள்.

“ஒரு வாரம் பழைய வேலையக் குடுத்துப் பாருங்க சார்.”

அரைமனதாகக் கொடுத்தார். மூன்றாம் நாள், நாற்பது பெட்டிகளில் பேட்ச் எண் தப்பாக இருந்ததை அவள்தான் கண்டுபிடித்தாள். வாரக் கடைசியில் சூப்பர்வைசர் வேலை அவளுக்கே திரும்பியது.

“ஒண்ணுமே மறக்கலியா?” என்று கேட்டான் எழிலரசன்.

“ஒரே ஒரு பேரு மறந்துச்சி.”

“யார் பேரு?”

“மேனேஜர் பேரு.”

“ஐயையோ! என்னா பண்ண?”

“நல்ல வேளை, அவரை எல்லாருமே சாருன்னுதான் கூப்புடறாங்க.”