காரைச் சுற்றிக் குறுவை

கோவிந்தராசு கார் வாங்கியபோது நாற்பத்து மூன்று இடத்தில் கையெழுத்துப் போட்டான். ஜாமீனாக நான் பதினோரு இடத்தில் போட்டேன். இருவரும் ஒரு வரிகூடப் படிக்கவில்லை. தஞ்சாவூரில் அந்த ஃபைனான்ஸ் ஆபீசில் ஏசி நன்றாக வேலை செய்தது, ரோஸ்மில்க் கொடுத்தார்கள், அங்கிருந்த பெண் எங்களை சார் என்றாள். வலங்கைமானில் எங்களை யாரும் சார் என்றதில்லை. அந்த ஒரு சாருக்காக இன்னும் பதினோரு இடத்தில் போடச் சொல்லியிருந்தாலும் போட்டிருப்பேன்.

வீட்டுக்கு வீடு இலவசக் கலர் டிவி வந்துகொண்டிருந்த காலம் அது. எங்களுக்கு இருபத்து மூன்று வயது. டிவியே சும்மா வரும்போது கார் தவணையில் வராதா என்பது கோவிந்தராசின் கேள்வி. திருச்சி ஏர்போர்ட்டுக்கு வாடகை ஓட்டுவதாகத் திட்டம். துபாய்க்கும் சவூதிக்கும் போகிறவர்கள், வருகிறவர்கள் எல்லாம் என் சொந்தக்காரர்கள், சவாரிக்குப் பஞ்சமே இல்லை என்று அவனை ஏற்றிவிட்டவன் நான்தான். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டேன். வேறு யாரை நோக?

எனக்குக் கடைத்தெருவில் ஜெக்கரியா மொபைல்ஸ் என்று என் பெயரிலேயே ஒரு செல்போன் ரிப்பேர் கடை உண்டு. பத்தடிக்கு எட்டடி. என் அத்தா சவூதியில் பதினெட்டு வருஷம் லாரி ஓட்டி வாங்கிய இடம். எங்கள் குடும்பத்துக்கு இருக்கிற ஒரே சொத்து. அந்தப் பத்திரத்தின் நகலையும் ஃபைலில் சேர்த்துக்கொண்டார்கள். சும்மா ஒரு ஃபார்மாலிட்டி என்றார்கள்.

முதல் வருஷத் தவணை மாதம் நாலாயிரம். அடுத்த வருஷத்திலிருந்து எட்டாயிரத்து எழுநூறு என்று பதினேழாம் பக்கத்தில் பொடி எழுத்தில் இங்கிலீஷில் இருந்திருக்கிறது. எங்களுக்கு அது பதின்மூன்றாம் மாதம் தெரிந்தது. அதற்குள் என் சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராக ஏர்போர்ட் போய் வந்து, ஜெக்கரியாவின் கூட்டாளி நம்ம பிள்ளைதானே என்று டீசல் காசை மட்டும் கொடுத்துவிட்டு இறங்கியிருந்தார்கள்.

மூன்று தவணை நின்றது. நோட்டீஸ் வந்தது. கடையை அரை நாள் சாத்திவிட்டு டிக்‌ஷனரியோடு உட்கார்ந்து முதல் தடவையாக ஒப்பந்தத்தைப் படித்தேன். பணம் கட்டாவிட்டால் கார் எங்கே நின்றாலும் எடுத்துக்கொள்வார்கள். ஒரு சாவி ஏற்கெனவே அவர்களிடம் இருக்கிறது. காரை விற்றுக் கடனில் கழிப்பார்கள். மீதி நின்றால் வாங்கியவன் கொடுக்க வேண்டும், அவனிடம் இல்லாவிட்டால் ஜாமீன். கார் அப்போது பளபளவென்று இருந்தது. உடனே ஒப்படைத்தால் கடன் அநேகமாக அடைந்துவிடும், என் கடை பிழைக்கும். கொடுத்துவிடு என்று கோவிந்தராசிடம் சொன்னேன். அவன் அழுதான். அவன் தாத்தா பண்ணையாள். அவர்கள் தெருவில் வந்து நின்ற முதல் கார் அது. முகம் துடைக்க என் கைக்குட்டையைக் கொடுத்தேன். ஆனாலும் கடை கடைதான்.

அங்கேதான் அவன் அப்பா ரெத்தினம் மாமா குறுக்கே வந்தார். மாமா விவசாயச் சங்கத்துக்காரர். இளவயதில் ஐந்து மா நிலத்திலிருந்து அவரை வெளியேற்ற நிலத்துக்காரர் ஆள் அனுப்பியபோது, அவர்கள் வந்து சேர்வதற்குள் தெருச்சனம் முழுவதையும் இறக்கி நடவை முடித்துவிட்டார். நட்ட பயிரை மிதித்து உள்ளே இறங்க வந்தவர்களுக்குக் கால் வரவில்லை. கேஸ் ஒன்பது வருஷம் நடந்து, அவர் பெயர் குத்தகைதாரராகப் பதிவானது. அன்றிலிருந்து உலகத்தில் எந்த வழக்குக்கும் அவரிடம் ஒரே மருந்துதான்.

"நிலத்துக்காரன் பேப்பர நீட்டுவான், நீட்டட்டும்," என்றார். "கையில வெச்சிருக்கிறவனுக்குத்தான் பாத்தியம். கார எங்கிட்ட விடுங்க."

மேட்டூர் திறந்து தண்ணீர் இன்னும் எங்கள் பக்கம் வந்து சேராத ஜூன் மாதம். வயல் காய்ந்து கட்டாந்தரையாகக் கிடந்தது. மாமாவின் ஐந்து மாவுக்கு நட்டநடுவே ஒரு களத்துமேடு இருக்கிறது. கோவிந்தராசு வயலுக்குள்ளேயே ஓட்டிப்போய்க் காரை மேட்டில் நிறுத்தினான். தார்ப்பாய் போட்டு மூடினார்கள். வாய்க்காலில் தண்ணீர் வந்தது. சேறு அடித்தார்கள், நாலு பக்கமும் குறுவை நட்டார்கள். என் கடைக்கு நானே குழி பறிக்கிறேன் என்று தெரிந்தும், எல்லோரும் நடும்போது சும்மா நிற்க வெட்கப்பட்டு நானும் இரண்டு முடி, அதாவது இரண்டு கட்டு, நாற்று நட்டேன். நான் நட்ட வரிசை கோணல் என்று கோவிந்தராசின் அம்மா அமிர்தம் அத்தை அதைப் பிடுங்கி மறுபடி நட்டார்.

"மாமா, கார் ஓடினாத்தானே காசு வரும்?" என்று கேட்டுப் பார்த்தேன்.

"நிலம் ஓடுதா?" என்றார். "அது சோறு போடல?"

நான் கடைக்குப் போய், மாதத்துக்கு எவ்வளவு வட்டி ஏறும் என்று கணக்குப் போட்டேன்.

வண்டி எடுக்க வந்தவர் பெயர் செல்லதுரை. பட்டுக்கோட்டைப் பக்கம், நாற்பது வயது. அடியாள் போல ஒருவர் வருவார் என்று பயந்திருந்த எங்களுக்கு அவர் பெரிய ஏமாற்றம். கையில் ஃபைலும் சாவியுமாக வரப்பில் வந்து நின்றார். பயிர் முழங்கால் உயரம் நின்றது. செருப்பைக் கழற்றினார், ஒரு காலைத் தூக்கினார், பிறகு இறக்கி வரப்பிலேயே வைத்துக்கொண்டார்.

"பயிரு நிக்குதேங்க," என்றார், ஏதோ நாங்கள் பார்க்காதது போல.

மாமா மீசையைத் தடவிக்கொண்டார். அத்தை நீராகாரம் கொடுத்தார். செல்லதுரை குடித்துவிட்டு, வடமேற்கு மூலையில் இலைச்சுருட்டுப் புழு விழுந்திருக்கிறது, வேப்பெண்ணெய் அடியுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். அடுத்த மாதம் வந்து, வேப்பெண்ணெய் கேட்டதா என்று விசாரித்தார். ஊரே மாமாவைக் கொண்டாடியது. கம்பெனியையே வரப்பில் நிறுத்திவிட்டாராம். ஆனால் ஒவ்வொரு மாதமும் ஒரு தவணையும் அபராத வட்டியும் கடனில் ஏறிக்கொண்டே இருந்தன. ஊரில் சந்தோஷமில்லாத ஒரே ஆள் நான். காரைக் கொடுத்துவிடச் சொன்ன துரோகி என்று கோவிந்தராசு என்னோடு பேசுவதையும் நிறுத்தியிருந்தான்.

நூற்றுப் பத்து நாளில் அறுவடை மெஷின் இறங்கியது. நல்ல விளைச்சல். கடைசி வரிசை விழுந்து மேட்டுக்கு வழி திறந்தபோது செல்லதுரை ஏற்கெனவே வரப்பில் இருந்தார். அன்று மாமா தடுக்கவில்லை. பயிர் இல்லாத வயலில் யாரும் நடக்கலாம் என்பதுதான் அவருக்குத் தெரிந்த சட்டம்.

தார்ப்பாயை விலக்கினார்கள். செல்லதுரை கதவைத் திறந்தார். முதலில் நாலு எலி வெளியே வந்து நிதானமாக இறங்கிப் போயின. நாலு பக்கமும் நெல், நடுவில் மழை படாத மெத்தை வீடு, எந்த எலிதான் விடும்? பின் சீட்டுக்குள் குஞ்சுகள் கிடந்தன. முன் சீட்டுக்கு அடியில் ஒரு மரக்கால் நெல் சேர்த்து வைத்திருந்தன. பானட்டைத் தூக்கினால் ஒயர் ஒன்றுகூட முழுதாக இல்லை. சாவியைத் திருகினார், கார் ஒரு முனகல்கூட முனகவில்லை. செல்லதுரை வெகுநேரம் போனில் பேசினார். பிறகு சாவியை மாமாவின் கையில் வைத்தார்.

"கம்பெனிக்கு இது வேணாமுங்க. நீங்களே வெச்சுக்கங்க."

மாமா மகனைப் பார்த்த பார்வையில் அந்த ஒன்பது வருஷக் கேஸின் தீர்ப்பு மறுபடி ஒருமுறை வந்தது. கோவிந்தராசு மட்டும் காரைத் தொட்டபடி நின்றான். செல்லதுரை ஃபைலைப் புரட்டினார். கோவிந்தராசு பெயரில் வேறு சொத்து இல்லை, நிலம் குத்தகை நிலம் என்று தனக்குள் சொல்லிக்கொண்டே பின் பக்கங்களுக்குப் போனார். எனக்குப் பதினேழாம் பக்கம் மட்டுமல்ல, அந்த ஜாமீன் பக்கமும் மனப்பாடம்.

"இதுல ஜெக்கரியாங்கிறது யாருங்க?" என்று கேட்டார்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நாலு மாதமாகப் பேசாத கோவிந்தராசு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டான், கையை விடவே இல்லை. நான்தான் என்று சொன்னேன். கடை பத்தடிக்கு எட்டடிதானே என்று செல்லதுரை மெதுவாகக் கேட்டார். எனக்கு அத்தாவின் முகம் கண்ணில் வந்தது, அழுகையும் வந்தது.

ரெத்தினம் மாமா என் தோளில் கை வைத்தார்.

"கவலப்படாத தம்பி. சம்பா நாத்து ரெடியா இருக்கு. உன் கடையச் சுத்தி நட்டுடலாம்."

அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. கடைத்தெருவுக்கு எத்தனை முடி நாற்று வேண்டும் என்று அத்தையிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.